மடிக்கணினிக்குள் ஒரு நிலா: விண்வெளி ரோபோ சிமுலேஷனைத் தொடங்குவோருக்கு

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் வெளுத்துக் கிடக்கும் கல் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். சாம்பல் கலந்த வெள்ளை நிறம். உடைந்த முகத்தில் வெயில் பட்டால் பொடிப்பொடியாக மின்னும். அனார்த்தோசைட் என்பது அதன் பெயர். நிலவின் மேட்டுநிலப் பாறையும் இதே இனம்தான். இந்தக் கல்லையும் பக்கத்துக் குன்னமலைக் கல்லையும் அரைத்துத்தான் சந்திரயான்-2 சோதனைகளுக்கான 'நிலவு மண்'ணை இஸ்ரோ தயாரித்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறைக்கு அந்த வேலையில் பெரிய பங்கு உண்டு. சந்திரயான்-1 திட்டத்தை நடத்திய மயில்சாமி அண்ணாதுரை பிறந்த கோதவாடியும் பொள்ளாச்சிப் பக்கம்தான். நிலவு நமக்கு அப்படியொன்றும் தூரத்து உறவு இல்லை.

மண்ணைப் பரப்பி, நிலவுக்குப் போகும் ரோபோ ஊர்தியின் சக்கரத்தை உருட்டிப் பார்ப்பது பாதி வேலை. மறுபாதி கணினிக்குள், ஒரு போலி உலகத்தில் நடக்கிறது; அதற்குப் பெயர்தான் சிமுலேஷன். சனிக்கிழமைகளில் என் வீட்டுத் திண்ணைக்கு வரும் கல்லூரி மாணவர்கள் தடுமாறுவது இந்த மறுபாதியில்தான். லேத்தில் கைவைக்கப் பயப்படாத பிள்ளைகள், சிமுலேஷன் என்றதும் "அக்கா, எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லித்தருவதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இது எதற்கு என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். நம் ரேடியோ அலை நிலவைச் சென்றடைய 1.3 விநாடி ஆகிறது. செவ்வாய்க்கு, அது இருக்கும் தூரத்தைப் பொறுத்து, சுமார் 3 முதல் 22 நிமிடம். ஊர்தி பள்ளத்தின் விளிம்புக்கு வந்துவிட்டது என்ற செய்தி செவ்வாயிலிருந்து நம்மை எட்டுவதற்குள் அது உள்ளே விழுந்து முடிந்திருக்கும். ஆகவே அது தானே பார்த்து, தானே முடிவெடுத்து, தானே நிற்க வேண்டும். அந்த முடிவெடுக்கும் நிரலை அங்கே போகாமலே சோதிப்பதற்குத்தான் சிமுலேஷன். ஊர்தி எல்லா முறையும் பத்திரமாகப் போய்ச் சேர்கிற சிமுலேஷனை நான் நம்புவதில்லை. அது எங்கே, எப்படிக் கவிழும் என்று காட்டுகிற சிமுலேஷன்தான் உழைப்புக்கு ஏற்ற பலன் தருவது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அதை நோக்கித்தான் போகிறது.

கருவிகளைப் பொருத்துதல்

கசீபோவும் ராஸ் 2-உம் போதும். கசீபோ என்பது உலகத்தையும் இயற்பியலையும் உருவாக்கித் தரும் மென்பொருள். ராஸ் 2 என்பது ரோபோவின் உறுப்புகளுக்கு இடையே செய்தி கொண்டுபோகும் அமைப்பு. இரண்டும் இலவசம், இரண்டுக்கும் மூலநிரல் திறந்தே கிடக்கிறது. நாசாவின் விண்வெளி ரோபோப் போட்டிகளும் கசீபோவில் நடந்திருக்கின்றன. வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவில் இறங்கும் கலத்துக்காக நாசா உருவாக்கிய 'ஓஷன்வாட்டர்ஸ்' என்ற சோதனைத் தளமும் இதன்மீது கட்டப்பட்டதுதான்.

புதியவர்களை அதிகம் குழப்புவது பெயர்தான். கசீபோவில் பழையது, புதியது என்று இரண்டு உண்டு. பழைய 'கிளாசிக்' பதிப்புக்கான ஆதரவு 2025 ஜனவரியோடு முடிந்துவிட்டது. புதியது இடையில் சில காலம் 'இக்னிஷன்' என்ற பெயரில் இருந்தது. இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பகுதி இன்னும் பழையதைத்தான் சொல்கிறது. அதைப் பார்த்துக் கட்டளைகளைத் தட்டினால் பிழைச் செய்திகள்தான் வரும். மாணவர்கள் தங்களுக்குத்தான் புரியவில்லை என்று நினைத்து மனம் சோர்கிறார்கள். எனவே இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி மேசைமேல் ஒட்டிவிடுங்கள்: உபுண்டு 24.04, ராஸ் 2 ஜாஸி, கசீபோ ஹார்மோனிக். ஒன்றோடொன்று சேர்ந்து ஓடும்படி அமைந்தவை இவை. வேறு பதிப்பைச் சொல்லும் பாடத்தைத் தள்ளிவையுங்கள்.

16 ஜி.பி. நினைவகம் உள்ள மடிக்கணினி இருந்தால் நல்லது. உபுண்டுவுக்கு வட்டில் தனிப் பகுதி ஒதுக்கி நிறுவுங்கள். விண்டோஸுக்குள் மெய்நிகர் கணினியாக ஓட்டினால் முப்பரிமாணக் காட்சி திக்கித் திணறும். நிறுவும் கட்டளைகளை அதிகாரபூர்வ ஆவணத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

பேசிலிஸ்க், ஜிமேட் போன்ற பெயர்களையும் கேள்விப்படுவீர்கள். அவை விண்கலத்தின் சுற்றுப்பாதை, திசைநிலை ஆகியவற்றுக்கானவை. தரையில் ஓடும் ஊர்திக்கு இப்போது வேண்டாம்.

ஒரு பந்தைக் கீழே போடுங்கள்

ஊர்தியை வரைவதற்கு முன் வெற்று உலகம் ஒன்றைத் திறந்து, அதன் கோப்பில் ஈர்ப்பு முடுக்கத்தை 9.8-லிருந்து 1.62 ஆக மாற்றுங்கள். அது நிலவின் எண். செவ்வாய்க்கு 3.71. இப்போது 2 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பந்தை விழவிடுங்கள். பூமியில் 0.64 விநாடியில் தரையைத் தொடுவது, நிலவில் 1.57 விநாடி எடுத்துக்கொள்ள வேண்டும். பிளஸ் ஒன் இயற்பியல் சூத்திரத்தில் போட்டு நீங்களே சரிபாருங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அளந்தால் கணக்கு தவறும். சிமுலேஷனுக்குள் ஓடும் நேரம் வேறு. திரையின் கீழ் மூலையில் ஒரு விழுக்காடு தெரியும்; அது 50 என்றால் உள்ளே ஒரு விநாடி கழிய வெளியே இரண்டு விநாடி ஆகிறது என்று பொருள். உங்கள் நிரல்கள் எல்லாம் உள்நேரத்தையே பின்பற்றும்படி முதல் நாளிலேயே அமைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டவர்கள் மூன்றாவது மாதத்தில் காரணம் புரியாமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஊர்தியின் உடம்பு

ஆறு சக்கரம், மடங்கி நிமிரும் கால்கள் என்று பெரிதாகத் தொடங்க வேண்டாம். ஒரு பெட்டி, நான்கு சக்கரம் போதும். சந்திரயான்-3-இன் பிரக்யான் ஊர்தி 26 கிலோ, வேகம் விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர். அந்த எடை, அந்த வேகம் என்று வைத்துக்கொண்டால் உண்மையோடு ஒப்பிட எளிது.

ஒவ்வொரு பாகத்துக்கும் எடையோடு நிலைமத் திருப்புத்திறனையும், அதாவது அதைச் சுழற்றுவது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லும் எண்ணையும், எழுதியே ஆக வேண்டும். நான் முதன்முதலாகச் செய்த ஊர்தி நின்ற இடத்தில் நடுங்கி, திடீரென்று துள்ளி, திரையை விட்டே பறந்துபோனது. இரண்டு நாள் தேடிய பிறகுதான் காரணம் தெரிந்தது. சில பாகங்களுக்கு அந்த எண்ணைத் தவறாகக் கொடுத்திருந்தேன், சிலவற்றுக்குக் கொடுக்கவே இல்லை. கொடுக்காவிட்டால் மென்பொருள் தானாக 1 என்று எடுத்துக்கொள்ளும். 10 சென்டிமீட்டர் ஆரமும் அரைக் கிலோ எடையும் உள்ள சக்கரத்துக்கு, திண்ம உருளை என்று கணக்கிட்டால், உண்மையான மதிப்பு 0.0025. அதாவது சுழற்றுவதற்கு 400 மடங்கு கனமான சக்கரத்தை மாட்டியிருக்கிறோம்! ஊர்தி துள்ளினாலும் மந்தமாகத் திரும்பினாலும் முதலில் இந்த எண்களைப் பாருங்கள்.

இரண்டரை ஏக்கருக்கு 400 புள்ளிகள்

நிலவின் உண்மையான தரையையே கணினிக்குள் கொண்டுவரலாம். 2009-இல் ஏவப்பட்ட நாசாவின் எல்.ஆர்.ஓ. விண்கலத்தின் லேசர் உயரமானி நிலவு முழுவதையும் அளந்திருக்கிறது. தென்துருவப் பகுதிக்கு 5 மீட்டர் இடைவெளியில் உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. சந்திரயான்-2 சுற்றுகலத்தின் நுண்படக்கருவி 25 சென்டிமீட்டர் அளவுக்குத் தெளிவாகப் படம் எடுக்கிறது. இஸ்ரோவின் தரவுத் தளத்தில் பதிவு செய்து அவற்றைப் பெறலாம். கியூஜிஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்து, வேண்டிய துண்டை மட்டும் வெட்டி, கசீபோவுக்குக் கொடுங்கள். துண்டின் ஓரத்தில் தரவு இல்லாத புள்ளிகள் இருந்தால், தரையில் அடியற்ற கிணறுபோலத் தோன்றும். வெட்டும்போதே அவற்றைத் தவிர்த்துவிட வேண்டும்.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மீட்டருக்கு 100 மீட்டர் என்பது இரண்டரை ஏக்கர். 5 மீட்டர் இடைவெளியில் அளந்தால் அந்தக் காடு முழுவதற்கும் 400 உயரப் புள்ளிகள்தான் கிடைக்கும். உழுத சாலும் கிணற்று மேடும் அதில் தெரியுமா? 2023 ஆகஸ்ட் 27 அன்று பிரக்யான், தனக்கு 3 மீட்டர் முன்னால், 4 மீட்டர் அகலப் பள்ளம் ஒன்றைக் கண்டது. பூமியிலிருந்து கட்டளை போய், வந்த வழியே திரும்பி, வேறு பாதையில் சென்றது. அந்தப் பள்ளம் 5 மீட்டர் கட்டத்தில் தெரியவே தெரியாது. ஊர்தியைக் கவிழ்க்கும் கல்லும் குழியும் எல்லாம் அந்தக் கட்டங்களுக்கு இடையில்தான் ஒளிந்திருக்கின்றன.

எனவே பெரிய மேடுபள்ளங்களை உண்மைத் தரவிலிருந்து எடுங்கள். சிறு குழிகளையும் கற்களையும் நீங்களே தூவுங்கள். சிறியவை ஏராளமாக, பெரியவை அரிதாக. ஒரு சிறு பைத்தான் நிரலால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடம் மாற்றித் தூவலாம். ஒரே தரையில் நூறு முறை ஓட்டினால் ஊர்தி அந்தத் தரையை மனப்பாடம் செய்துவிடும், அவ்வளவுதான்.

மண்

இதைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

என் அப்பா கோவை கணபதியில் ஒரு வார்ப்புப் பட்டறையில் மோல்டர். அச்சுக்கு மணல் பதமாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையைத் திறப்பார். விரல் ரேகைகூட மணலில் பதிந்து நிற்கும். பிறகு அந்தக் கட்டியை இரண்டாக ஒடிப்பார். ஒடிந்த விளிம்பு கூராக நின்றால் சரி, உதிர்ந்தால் இன்னும் பதம் வரவில்லை. "மணல் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும் கண்ணு" என்பார். இயந்திரவியல் புத்தகத்தில் ஒட்டுமை என்று படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தக் கைதான்.

மண்ணின் பலத்தை இரண்டு எண்கள் சொல்கின்றன. ஒன்று ஒட்டுமை, இன்னொன்று உள் உராய்வுக் கோணம், அதாவது துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்காமல் தடுக்கும் உராய்வின் அளவு. நிலவு மண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஆனாலும் அப்பல்லோ வீரர்களின் பூட்ஸ் தடம் அச்சு வார்த்ததுபோல நின்றதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அங்கே காற்றும் நீரும் இல்லாததால் துகள்களின் முனைகள் மழுங்கவில்லை. கூரான ஓரங்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. அதன் ஒட்டுமை பொதுவாக 0.1 முதல் 1 கிலோபாஸ்கல், உராய்வுக் கோணம் 30 முதல் 50 பாகை. ஆற்று மணலை நிரப்பிச் சோதித்தால் இது கிடைக்காது. ஆற்று மணலின் துகள்கள் உருண்டு தேய்ந்தவை. சித்தம்பூண்டிக் கல்லை உடைத்து அரைத்ததற்கு, கனிமம் ஒத்திருப்பது போலவே, இந்தக் கூர்மையும் காரணம் என்று கொள்ளலாம்.

கசீபோவில் தரை என்பது சிமெண்டுத் தளம் போன்றது. உராய்வு எண்ணை மாற்றலாமே தவிர, சக்கரம் புதையாது. மழை பெய்த கரிசல் காட்டில் டிராக்டர் சிக்கியதைப் பார்த்தவர்களுக்கு இதன் குறை உடனே புரியும். சக்கரம் சுழலச் சுழல வண்டி முன்னே போகாமல் கீழே போகிறது. 2009 மே மாதம் செவ்வாயில் ஸ்பிரிட் ஊர்திக்கு நேர்ந்தது இதுவே. மேலே பொருக்கு, அடியில் பொலபொலத்த மணல். பூமியில் மணல் தொட்டி அமைத்து மாதக்கணக்கில் முயன்றும் மீட்க முடியவில்லை. 2010 மார்ச்சுக்குப் பிறகு அதனிடமிருந்து செய்தி இல்லை.

ஆகவே முதலில் வழுக்கலை அளக்கப் பழகுங்கள். 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரம் ஒரு சுற்றுக்கு 62.8 சென்டிமீட்டர் போக வேண்டும். 44 சென்டிமீட்டர்தான் போனது என்றால் வழுக்கல் 30 விழுக்காடு. ஊர்தியின் நிரல் இதை ஓயாமல் கணக்கிட்டு, ஒரு வரம்பைத் தாண்டியதும் தானாக நிற்க வேண்டும். நீங்கள் எழுதும் முதல் தன்னாட்சி நிரல் இதுவாகவே இருக்கட்டும். தடையைக் கண்டு விலகுவதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உண்மையாகவே புதையும் மண் வேண்டும் என்றால் புராஜெக்ட் குரோனோவுக்குப் போங்கள். விஸ்கான்சின், பார்மா பல்கலைக்கழகங்களில் வளர்ந்த திறந்த மென்பொருள் அது. சக்கரம் அழுத்தும் அழுத்தத்துக்கு மண் எவ்வளவு இறங்கும் என்பதை பெக்கரின் சூத்திரத்தை அடிப்படையாக வைத்துக் கணக்கிட்டு, தடத்தையும் தரையில் பதித்துக் காட்டும். அந்த பெக்கர், அப்பல்லோவின் நிலவு வண்டி உருவாக்கத்தில் பங்குகொண்ட பொறியாளர். குரோனோவைக் கற்க நாள் பிடிக்கும். கசீபோவில் ஊர்தி ஒழுங்காக ஓடிய பிறகு, ஒரே ஒரு சக்கரத்தை மட்டும் அதில் உருட்டிப் பார்த்து, சரிவு கூடக் கூட வழுக்கல் எவ்வளவு கூடுகிறது என்று ஓர் அட்டவணை தயாரியுங்கள். அதைக் கசீபோ ஊர்திக்குள் புகுத்தினால், முழு ஊர்தியையும் குரோனோவில் ஓட்டாமலே பெரும்பாலான பலன் கிடைத்துவிடும்.

ஒளியும் புலன்களும்

நிலவில் வானம் கறுப்பு. காற்று இல்லாததால், அதில் சிதறி நிழலுக்குள் வரும் ஒளியும் இல்லை. கசீபோவின் இயல்பான அமைப்பில் எங்கும் பரவிய வெளிச்சம் ஒன்று இருக்கும். அதைப் பூச்சியமாக்குங்கள், வானக் காட்சியை நீக்குங்கள். சூரியனைத் தாழ இறக்குங்கள், துருவத்தில் அது அடிவானத்தை ஒட்டித்தான் நகரும். செய்து முடித்ததும் ஊர்தியின் கேமராவைத் திறந்து பாருங்கள். ஒரு முழங்கை உயரக் கல்லின் நிழல் நீண்ட கரும்பட்டையாகக் கிடக்கும். அது பள்ளமா நிழலா என்று உங்களாலேயே சொல்ல முடியாது. நேற்றுவரை நன்றாக ஓடிய தடை அறியும் நிரல் இன்று தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தைக் குறித்து வையுங்கள், திருத்த வேண்டிய இடம் அது.

டிரோன் பாடங்களிலிருந்து ஜி.பி.எஸ்., திசைகாட்டி ஆகியவற்றை அப்படியே எடுத்து மாட்டிவிடாதீர்கள். ஊர்தி நம்பி ஓடும் அளவுக்கு நிலவில் ஜி.பி.எஸ். கிடையாது, கோள் முழுவதற்குமான காந்தப்புலமும் கிடையாது. சக்கரச் சுற்று, கேமரா, முடுக்கமானி, சுழற்சிமானி, சூரியனின் திசை இவற்றைக் கொண்டுதான் ஊர்தி தன் இடத்தைக் கணிக்க வேண்டும். ஒவ்வோர் உணரிக்கும் கோப்பில் இரைச்சலை, அதாவது அளவில் வரும் சிறு தற்செயல் பிழையை, சேருங்கள். இரைச்சல் இல்லாத உணரி கடையில் விற்பதில்லை.

முடிவெடுக்கும் நிரல்

முதல் வாரம் நீங்களே விசைப்பலகையால் ஓட்டுங்கள், ஆனால் இடையில் தாமதம் வைத்து. போக 1.3, வர 1.3 விநாடி. பிறகு அதையே 10 நிமிடமாக்கிப் பாருங்கள். கையால் ஓட்டுவது சாத்தியமே இல்லை என்பது அரை மணி நேரத்தில் உடம்புக்கே தெரிந்துவிடும். அதன்பின் வழிப்புள்ளிகளைக் கொடுத்து ஓட விடுங்கள். அடுத்து கேமராத் தரவிலிருந்து சரிவு வரைபடம், அதன்மேல் பாதைத் திட்டம். ராஸ் 2-இன் 'நேவ் 2' தொகுப்பு இதற்கு உதவும். ஆனால் அது பெரும்பாலும் சமதளத்தில் ஓடும் ரோபோக்களுக்காக எழுதப்பட்டது. சரிவை ஒரு செலவாகக் கணக்கில் சேர்க்கும் பகுதியை நீங்கள்தான் எழுத வேண்டியிருக்கும்.

வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள்

2023 ஏப்ரலில் ஜப்பானைச் சேர்ந்த ஹகுட்டோ-ஆர் கலம் நிலவில் இறங்கும்போது ஒரு பெரும்பள்ளத்தின் விளிம்பைக் கடந்தது. தரை திடீரென்று சுமார் 3 கிலோமீட்டர் கீழே போனது. உயரமானி சரியாகத்தான் சொன்னது. ஆனால் இவ்வளவு பெரிய மாற்றம் இருக்க முடியாது, கருவி கெட்டுவிட்டது என்று மென்பொருள் முடிவு செய்து, அந்த அளவைத் தள்ளிவிட்டது. தரைக்கு 5 கிலோமீட்டர் மேலே, இறங்கிவிட்டோம் என்ற கணிப்பில், கலம் எரிபொருள் தீரும்வரை நின்று பிறகு விழுந்தது. இறங்குமிடத்தை இடையில் மாற்றியிருந்தார்கள். புதிய பாதையின் நிலப்பரப்பு முந்தைய சிமுலேஷன்களில் போதிய அளவு இடம்பெறவில்லை. 2016-இல் செவ்வாய்க்குப் போன, ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஸ்கியாபரெல்லி கலத்தின் கதையும் இதற்கு நெருங்கியது. சுழற்சியை அளக்கும் கருவி ஏறக்குறைய ஒரு விநாடி உச்ச அளவில் திணறியது. கணிப்பு பிசகி, தரைக்குக் கீழே போய்விட்டதாகக் கணக்கு வந்தது. கலம் பாராசூட்டை முன்கூட்டியே கழற்றிவிட்டது.

இரண்டிலும் பழுதான பாகம் என்று கைகாட்ட ஒன்றுமில்லை. சோதிக்காத ஒரு நிலைமை இருந்தது, அவ்வளவே. எனவே ஒரு தாளை எடுத்து, எவையெல்லாம் கெடலாம் என்று எழுதுங்கள். ஒரு மோட்டார் நின்றுபோவது, கேமரா மூன்று விநாடி இருண்டுபோவது, சுழற்சிமானி உச்சத்தில் நிற்பது, மின்கலம் பாதிக்கு வந்துவிடுவது, கட்டளை வந்து சேராதது. ஒவ்வொன்றையும் ஓட்டத்தின் நடுவே தற்செயலான நேரத்தில் நிகழவிடும் நிரலை எழுதுங்கள். திரைக்காட்சி இல்லாமல் ஓட்டினால் வேகம் கூடும். இரவு படுக்கப் போகும்முன் நூறு ஓட்டங்களை முடுக்கிவிடுங்கள். ஒவ்வொன்றின் தற்செயல் விதை எண்ணையும், அதாவது நிரல் தன் தற்செயல் தேர்வுகளைத் தொடங்கும் எண்ணையும், தவறாமல் பதியுங்கள். அந்த எண் இருந்தால்தான் 73-ஆவது ஓட்டத்தில் கவிழ்ந்ததைக் காலையில் அப்படியே மறுபடி நடத்திப் பார்க்க முடியும். மின்வெட்டு உள்ள ஊர் என்றால், ஓர் ஓட்டம் முடிந்ததும் அதன் பதிவைத் தனிக் கோப்பாக எழுதச் சொல்லிவிடுங்கள்.

தரைக்கு வாருங்கள்

எட்டுக்கு நான்கு அடியில் ஒரு பலகைத் தொட்டி, கல் கிரஷரில் கிடைக்கும் நுண்தூள் அரை யூனிட். கொங்குப் பகுதியில் இதற்கு அலைய வேண்டியதில்லை. உடைகல் தூள் என்பதால் துகள் கூராக இருக்கும். முகக்கவசம் இல்லாமல் கையாளாதீர்கள். சித்தம்பூண்டிக் கல்தான் வேண்டும் என்று அங்கே போய் அள்ள வேண்டாம். அது பிறருடைய நிலம், பாதுகாக்க வேண்டிய பாறையும்கூட.

இங்கே ஈர்ப்பு நிலவைப் போல ஆறு மடங்கு என்பதை மறந்துவிடாதீர்கள். கியூரியாசிட்டி ஊர்தியின் 'ஸ்கேர்குரோ' என்ற சோதனைப் பிரதியை, கணினி முதலியவற்றை நீக்கி, செவ்வாயில் உண்மை ஊர்தி அழுத்தும் அளவுக்கே எடை வரும்படி இலேசாகச் செய்திருந்தார்கள். நீங்களும் 26 கிலோவுக்குப் பதில் நான்கரைக் கிலோவுக்குள் ஒரு மாதிரியைச் செய்யுங்கள். அப்போதும் மண்துகள்களின் எடை பூமியின் எடைதான்; ஆகவே முடிவு முழுக்க ஒத்துவராது. அதை அறிந்தே அளவிடுங்கள்.

தொட்டியின் ஒரு முனையைச் செங்கல் வைத்து 5, 10, 15 பாகை உயர்த்தி, ஊர்தியை ஏறவிட்டு, பத்துச் சுற்றுக்கு எவ்வளவு தூரம் போனது என்று நாடாவால் அளங்கள். அதே தொட்டியை, பூமியின் 9.8 ஈர்ப்போடு, அதே எடையோடு சிமுலேஷனில் உருவாக்கி ஓட்டுங்கள். தொட்டியில் 30 விழுக்காடு வழுக்கியது, திரையில் 12 என்று வந்தால், மண்ணுக்குக் கொடுத்த எண்கள் தவறு. இரண்டும் நெருங்கும்வரை ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதைத் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். நெருங்கியதும் ஈர்ப்பை மீண்டும் 1.62 ஆக்கி, அந்த நூறு ஓட்டங்களை அன்றிரவே மறுபடி முடுக்கிவிடுங்கள்.